பையோடு நட்ட கன்றுகள்

ஆவூர்
17.10.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பங்கிராஸ் எழுதுவது. இங்கே நான், வியாகுலம், ஜெனிஷா மூவரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மலைக்குளிர் அதற்கு ஆகாதே. வென்னீர் ஒத்தடம் கொடுக்க மடத்தில் விடுகிறார்களா?

நம் மேட்டுக்கொல்லையில் தைலமரக் குத்தகை முடிந்து, கட்டைகளை மிஷின் வைத்துத் தோண்டி எடுத்தாயிற்று. இப்போது பட்டணத்து டிரஸ்ட் ஒன்று பலா, கொய்யா, நாவல் கன்றுகளை இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய ஆள் நாகராசு பைக்கில் வந்து கூட்டம் போட்டான். தை மாதம் வந்து பார்ப்பார்களாம். "கன்னுக பிடிச்சு நின்னுருச்சுன்னா சுத்துப்பட்டுக்கெல்லாம் ஒங்களையே மேற்பார்வைக்குப் போட்ருவோம்ணே. சம்பள வேலை. நடந்து பாத்துட்டு வந்தாப் போதும்" என்றான். கத்தாரில் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாத எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. வியாகுலத்தின் பாஸ்போர்ட் அறந்தாங்கி ஏஜெண்டிடம் இருக்கிறது. குவைத்தில் வீட்டு வேலை. "ஒங்களுக்கு இந்த வேலை கெடச்சா நான் எதுக்குப் போறேன்? கெடைக்கலைன்னா போறேன். அப்பறம் அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஆக அந்தக் கன்றுகள் பிடித்தால் அவள் இங்கே இருப்பாள்.

நாகராசு பேசுகிற பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. சஸ்டைனபிள் என்கிறான், பயோடிகிரேடபிள் என்கிறான், கார்பன் நியூட்ரல், ஆஃப்செட் என்கிறான். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். கன்று வருகிற பை மக்கும் பையாம், கிழிக்காமல் பையோடு நடலாமாம். ஃபோனில் தேடினால் ஒருத்தன் நடு என்கிறான், இன்னொருத்தன் நடாதே என்கிறான். நீங்கள் அத்தனை வருடம் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியவர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் எழுதுங்கள்.

வியாகுலம் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஜெபத்தில் எங்களை நினைக்கவும்.

பங்கிராஸ்

*

மடத்திலிருந்து
2.11.2024

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி பங்கிராசுக்கு அக்கா சோபியா எழுதுவது. சுகம். மூட்டு தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். இன்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியிருப்பாய்.

வாத்தியாரம்மாவை மறுபடி வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டாய், கவனமாகக் கேள்.

சஸ்டைனபிள் என்றால் நாளைக்கும் மிஞ்சும்படி இன்றைக்கு எடுப்பது. தைலமரம் போட்டு நம் கிணற்றை வற்ற வைத்தோமே, அது அதற்கு நேர் எதிர். கார்பன் என்பது புகையோடு போகிற கரி. மரம் அதை வாங்கி உடம்பில் வைத்துக்கொள்ளும். ஒரு கம்பெனி புகை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக வேறொருவர் நிலத்தில் மரம் வைத்துக் கணக்கு காட்டுவது ஆஃப்செட். இரண்டும் சரிக்குச் சரி என்று சொல்லிக்கொள்வதுதான் நியூட்ரல். பெரிய வெள்ளிக்கிழமை நான் வயிறாரக் கறிச்சோறு தின்றுவிட்டு, எனக்காக நீ ஒருசந்தி இரு என்று உன்னிடம் சொன்னால் எப்படி? அப்படி. அதிலும் நீ ஒருசந்தி இருந்தாயா என்று யாராவது வந்து பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் அதுவும் பொய்.

இனி மக்கும் பை. பயோடிகிரேடபிள் என்றால் நுண்ணுயிர்கள் தின்று மண்ணாக்கிவிடும் என்று அர்த்தம். எத்தனை நாளில், எந்த இடத்தில் என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை. வாழையிலையும் மக்கும், தேக்குக் கட்டையும் மக்கும். கம்போஸ்டபிள் என்றால் குப்பைக்குழியில் இத்தனை நாளில் எருவாகும் என்று வாக்குக் கொடுப்பது. அதிலும் எந்தக் குழி என்று கேட்க வேண்டும். அதனால் பையில் அச்சடித்திருப்பதை எழுத்து விடாமல் பார்த்து எனக்கு எழுது. என் பதில் வரும்வரை நடாதே.

ஒன்றை நினைவு வைத்துக்கொள். டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் பிறக்கிறது. அன்றிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை இந்த மடத்தில் யாருக்கும் கடிதம் கொடுக்க மாட்டார்கள், எழுதவும் விட மாட்டார்கள். வருவதெல்லாம் மடத்துத் தலைவி தாயாரின் அலமாரியில் கிடக்கும். தவக்காலத்திலும் அப்படியே. ஃபோன் சாவுச் செய்திக்கு மட்டும்தான். ஆகவே முப்பதாம் தேதிக்குள் உன் கடிதம் இங்கே வந்தாக வேண்டும்.

வியாகுலத்தைப் போக விடாதே. ஜெனிஷாவுக்கு முத்தங்கள்.

சோபியா அக்கா

*

ஆவூர்
25.11.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம், சுகத்துக்கு எழுதவும்.

கன்றுகள் முந்தாநாள்தான் வந்தன, அதனால்தான் தாமதம். பை பச்சை நிறம், தொட்டால் ரப்பர் மாதிரி வழவழப்பு. அடியில் ஊசி குத்தியது போல நாலு துளை. ஜெனிஷா படித்துச் சொன்னாள்: "100% கம்போஸ்டபிள். இண்டஸ்ட்ரியல் கம்போஸ்டிங் மட்டும்." பக்கத்தில் ஒரு இலைப் படம். இவ்வளவுதான்.

நேற்றிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. குழியெல்லாம் தயார். நாகராசு தினமும் ஃபோன் அடிக்கிறான். "ஈரத்துலயே வச்சுருங்கண்ணே, நட்ட அன்னைக்கே படம் எடுத்து அனுப்பணும்" என்கிறான். நான் உங்கள் பதிலுக்காகக் கன்றுகளை மாமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். இன்றே தபாலில் சேர்க்கிறேன். உடனே ஒரு வரி போடுங்கள் அக்கா. கிழிக்கவா, வேண்டாமா, அது போதும்.

பங்கிராஸ்

*

ஆவூர்
15.12.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

பதில் வரவில்லை. மழையில் மதுரையிலேயே தபால் தேங்கிவிட்டது என்று போஸ்ட்மேன் சொன்னார். என் கடிதம் முப்பதாம் தேதிக்குள் வந்து சேர்ந்ததா, அலமாரிக்குப் போய்விட்டதா தெரியவில்லை. ஃபோன் போடலாம் என்று வியாகுலம் சொன்னாள். சாவுச் செய்திக்கு அடிக்கிற ஃபோனில் கன்று, பை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எட்டு நாள் பார்த்தேன். பையோடு நடக்கூடாது என்றால் அக்கா எப்படியாவது சொல்லியிருப்பார்கள், தாயாரிடம் மண்டியிட்டாவது ஒரு வரி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் பையோடு நட்டுவிட்டோம். நான் குழி காட்டினேன், தாயும் மகளும் நட்டார்கள். நாகராசு ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் வியாகுலத்தை நிற்க வைத்துப் படம் எடுத்தான். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் நல்ல சிரிப்பு.

இப்போது இலை பழுக்கிறது. புயல் மழையில் கொல்லையெல்லாம் தண்ணீர். எருக் குறைச்சலோ என்று சாணிக் கரைசல் ஊற்றினேன். இன்னும் பழுக்கிறது. கிறிஸ்து பிறப்புக்குத்தான் நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பங்கிராஸ்

*

மடத்திலிருந்து
25.12.2024

சேசு மரி சூசை துணை.

தம்பி, திருநாள் வாழ்த்து பிறகு. முதலில் இதைப் படி.

பையைக் கிழி. ஒன்று விடாமல் தோண்டி எடுத்துக் கிழித்துவிட்டு நடு. உன் நவம்பர் கடிதம் டிசம்பர் இரண்டாம் தேதி வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு நாள் பிந்தி. இன்று நடுச்சாமப் பூசை முடிந்து தாயார் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். சங்கீதம் பாடிய வாயோடு படித்தேன், பிறகு எனக்குப் பாட்டு வரவில்லை.

இண்டஸ்ட்ரியல் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆலையில் மலை போலக் குப்பையைக் குவித்து, கை வைக்க முடியாத சூட்டில் வாரக்கணக்காக வைத்தால் அந்தப் பை மக்கும். உன் கொல்லையில் அந்தச் சூடு எங்கே இருக்கிறது? ஈர மண்ணில் அது வருடக்கணக்கில் பையாகவே கிடக்கும். தண்ணீர் உள்ளே போனால் நாலு ஊசித் துளையில் வடியாது, வேர் மூச்சுத் திணறி அழுகும். நீ கரைசல் ஊற்ற ஊற்ற இன்னும் அழுகும். இனி ஊற்றாதே. பையில் எழுதியிருப்பது பொய் இல்லை, அதுதான் என்னை எரிக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வேண்டியவள் அலமாரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

உன் முதுகை வைத்துக்கொண்டு நீ தோண்டாதே. ஆள் வை. இந்தக் கடிதம் நாளைக் காலையே வெளி வாசல் சகோதரி கையில் போகும்.

பிறந்திருக்கிற பாலன் உங்களைக் காப்பாராக.

சோபியா அக்கா

*

ஆவூர்
9.1.2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, புத்தாண்டு வாழ்த்துகள். சுகம்.

கடிதம் ஆறாம் தேதி கிடைத்தது. அன்றைக்கே மண்வெட்டி எடுத்தோம். பை போட்டபடி புதுசாக இருந்தது, அந்த இலைப் படம்கூட அழியவில்லை. கிழித்தால் உள்ளே கறுப்புத் தண்ணீர். வேரைத் தொட்டால் தோல் கையோடு வந்துவிட்டது. சாக்கடை வாடை. நான் நாலு குழியோடு படுத்துவிட்டேன். மிச்சத்தை வியாகுலம் ஒருத்தியே தோண்டினாள். கிழித்த பைகளை மட்டும் எண்ணுகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தாள்.

வரப்போரம் கொஞ்சம் பச்சை தெரிகிறது. மேடான இடம். மற்றவை போய்விட்டன.

பொங்கலுக்கு ஜெனிஷா பள்ளிக்கூடம் லீவு. இங்கே நல்ல பனி.

பங்கிராஸ்

*

மடத்திலிருந்து
24.1.2025

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பிக்கு, அக்கா சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது?

பனியைப் பற்றியும் பள்ளிக்கூட லீவைப் பற்றியும் எழுதத் தெரிந்த உனக்கு வியாகுலத்தின் பாஸ்போர்ட்டைப் பற்றி எழுதத் தெரியவில்லையா? போன கடிதத்தில் அவள் சுகமா என்றுகூட நீ எழுதவில்லை. என்னைக் கேட்டதாகச் சொல்லுகிறாளா, என் மேல் கோபமாக இருக்கிறாளா? கோபப்பட்டால் தகும். அவளையே எழுதச் சொல்.

நாகராசு தையில் வருவதாகச் சொன்னானே, வந்தானா? பிழைத்த கன்றுகளைக் காட்டு. பையினால் வந்த கேடு என்று சொல்லு. மறு கன்று கேள். வேலையைக் கேள். பிழைத்தவற்றின் காலடியில் காய்ந்த சருகு பரப்பு, ஈரம் நிற்கும்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் விவரமாக எழுது. இந்தத் தடவை நாட்களை வீணாக்காதே, உன் காலில் விழுகிறேன்.

சோபியா அக்கா

*

ஆவூர்
5.3.2025, சாம்பல் புதன்

சேசு மரி சூசை துணை.

மதிப்பிற்குரிய மதினிக்கு வியாகுலமேரி எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். காலையில் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை மதினி. நீங்கள் எழுதச் சொன்னீர்கள் என்று ஒங்க தம்பி சொல்லி ஒரு மாதமாகிறது. எழுதாமல் இன்றைய தேதிக்காகத்தான் காத்திருந்தேன். போன தடவை தேதி தப்பித்தான் எங்களுக்கு இந்தக் கதி. இந்தத் தடவை தேதி பார்த்துத்தான் போடுகிறேன். நாளைக்குத் தபாலில் சேர்த்தால் உயிர்ப்புத் திருநாள் வரை இது தாயாரின் அலமாரியில் இருக்கும். நீங்கள் படிக்கும்போது நான் குவைத்தில் இருப்பேன்.

முன்னாலேயே எழுதியிருந்தால் நீங்கள் போகாதே என்பீர்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் நான் போக மாட்டேன், அது எனக்கே தெரியும். போகாமல் இருந்து என்ன செய்வது? நாகராசு வரவில்லை. ஒங்க தம்பி ஃபோன் போட்டுக் கேட்டதற்கு, "நட்ட படமெல்லாம் மேல ஏத்தியாச்சுண்ணே, பாக்க வரத் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க" என்றானாம். வேலை என்று கேட்டதற்குச் சிரித்தானாம். கன்றுகள் பிழைத்திருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். அதனால் அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

திருச்சியிலிருந்து இருபத்தாறாம் தேதி விமானம். டிக்கெட்டின் அடியில் இரண்டு வரி பச்சை எழுத்தில் இருந்தது. ஜெனிஷா படித்துச் சொன்னாள். இந்தப் பயணத்தின் புகைக்கு ஈடாக மரங்கள் நடப்பட்டுள்ளன என்று போட்டிருக்கிறதாம். எந்த ஊரில் என்று போடவில்லை. நான் கன்றுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற படங்கள் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன்.

ஒங்க தம்பி சாப்பிடுவதில்லை. பொழுதுக்கும் வரப்போரக் கன்றுகளிடம் போய் நிற்கிறார். அவரைத் திட்டி எழுதுங்கள், உங்கள் திட்டுக்குத்தான் அடங்குவார். பிள்ளை பிளஸ் டூ முடிக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வியாகுலமேரி

*

ஆவூர்
17.3.2025

சேசு மரி சூசை துணை.

அக்கா, உறைமேல் அவசரம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தவக்காலம் என்று தெரியும். தாயார் உறையைப் பார்த்தாவது மனம் இரங்குவார் என்று எழுதுகிறேன்.

அவள் போகிறாள். இருபத்தாறாம் தேதி. ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டாள், அன்றைக்கு அந்த மிச்சக் குழிகளை ஒருத்தியாகத் தோண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு எழுதினால் உண்மையாகிவிடும் என்று பனியைப் பற்றி எழுதினேன். பிப்ரவரி முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. எங்கே தொட்டாலும் அவள் பேர்தான் வந்தது.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். "மதினி ஒரு வரி போட்டா நிப்பியா?"ன்னு கேட்டேன். "நிப்பேன்"னு சொன்னா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு வரியைப் போடுங்கள் அக்கா. போஸ்ட் கார்டு போதும். போகாதே என்று மட்டும். உங்களுக்கு எழுதச் சொல்லி நான் மன்றாடினேன், எழுதினேன் என்கிறாள். உங்கள் கைக்கு அது முன்னாலேயே வந்திருக்கும் அல்லவா? வந்திருந்தால் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?

ஃபோன் போட எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன். யார் செத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? தினமும் எடுக்கிறேன், வைக்கிறேன்.

பங்கிராஸ்

*

மடத்திலிருந்து
20.4.2025, உயிர்ப்பு ஞாயிறு

சேசு மரி சூசை துணை.

என் தம்பிக்கு,

இரண்டு கடிதத்தையும் இன்று காலை ஒன்றாகக் கொடுத்தார்கள். தேதி வரிசையில் படிக்க வேண்டும் என்று அவளுடையதை முதலில் எடுத்தேன். பிறகு உன்னுடையதைப் பிரிக்க வெகுநேரம் கை வரவில்லை.

அவள் எழுதிய நாளையும் காரணத்தையும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனன்று எழுதினாள். நான் படிக்கக் கூடாது என்றுதான் அன்று எழுதினாள். நான் தடுத்தால் நின்றுவிடுவாள், நின்றால் உங்கள் மூவருக்கும் வழியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் நிற்பேன் என்று சொன்னதும் உண்மை. அதற்கு வழியில்லாமல் முன்கூட்டியே அடைத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் மேல் கோபப்படாதே.

தாயாரிடம் போய், சிவப்பு மையில் அவசரம் என்று எழுதியிருந்ததே என்று கேட்டேன். இங்கே வருகிற கடிதம் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறது மகளே என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். நான் பதினெட்டு வருடமாக இந்த ஒழுங்கை நேசித்தவள். இன்று இதை நேசிக்க என்னால் முடியவில்லை. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும்.

ஒன்றை நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். மார்ச்சில் அது என் கைக்கு வந்திருந்தால் போகாதே என்று எழுதியிருப்பேன். எழுதிவிட்டு ஜெபத்துக்குப் போயிருப்பேன். நீங்கள் என்ன சாப்பிட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

நீ சாப்பிடு. இது திட்டு, அவள் கேட்டுக்கொண்டபடி. அவளுடைய விலாசத்தை அனுப்பு. பயமாக இருக்கிறது என்று எனக்கு எழுதியிருக்கிறாள், அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சோபியா அக்கா

*

ஆவூர்
6.5.2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நானும் ஜெனிஷாவும் சுகம். உங்கள் மூட்டுக்கு வெயில் காலம் தேவலை என்று நினைக்கிறேன். சோறு நானே வடிக்கிறேன், இப்போது குழைவதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நிப்பேன் என்று சொல்லிவிட்டு அவள் ஏன் அந்தப் பக்கம் திரும்பினாள் என்று இப்போது விளங்கிவிட்டது. கோபம் இல்லை. கோபத்துக்கு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விலாசம் தனித்தாளில் இருக்கிறது. வீட்டு விலாசத்துக்குத் தபால் வருமா என்று தெரியவில்லை, அனுப்பிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஃபோனை அவள் கையில் கொடுக்கிறார்கள், அரைமணி நேரம். முதல் நாலைந்து வாரம் ஜெனிஷாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் பேச்சு வந்தது.

வரப்போரக் கன்றுகள் வெயிலில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன அக்கா. கேட்டாள். நல்லா நிக்குது, தளிர் விட்டிருக்கு என்று சொல்லிவிட்டேன். ஃபோனைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

அந்த வீட்டில் குப்பை போட வைத்திருப்பதும் அதே பச்சைப் பைதானாம். அதே இலைப் படம். இவள் ஒவ்வொரு பையையும் அடியில் விரலால் கிழித்துவிட்டுத்தான் தொட்டியில் மாட்டுகிறாளாம், தன்னை அறியாமல் கை போய்விடுகிறதாம். குப்பையெல்லாம் தரையில் கொட்டுகிறது. வீட்டம்மா ஏன் இப்படிச் செய்கிறாய் என்று சத்தம் போட்டாளாம்.

"என்ன சொன்ன?"ன்னு கேட்டேன்.

"நமக்கு அவங்க பாஷை வராதே, கூட்டி அள்ளிட்டேன்" என்றாள்.

ஜெபத்தில் அவளை நினைக்கவும்.

தம்பி பங்கிராஸ்